வெற்றி நாளில் திறந்த வீடு

போர் முடிந்ததைக் கொண்டாடும் மே மாத வெற்றி நாளில் முகாமிலிருந்து ஊராருக்கு மத்தியானச் சாப்பாடு உண்டு. மன்னாரில், கொண்டச்சிக்கு அப்பால், கடலோரத்தில், முள்ளுக்கம்பிக்குள் இருக்கிற முகாம் அது. கடற்படை அந்தக் கரையைப் பிடித்த நாளிலிருந்து ஸரீனாவின் வீடும் அதற்குள்தான். அதற்கு முன்பே, தொண்ணூறில் இயக்கம் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளத்துக்குப் போன பிள்ளை அவள். உம்மா அங்கேயே மௌத்தானார். கடைசிக் காலத்தில் நினைவு தப்பி, மத்தியானம் லுஹர் தொழுகை நேரமானால் விளக்குமாறை எடுத்து அகதிக் குடிசையின் முற்றத்தைக் கூட்டத் தொடங்கிவிடுவார். மன்னார் வீட்டைக் கூட்டுவதாகவே அவருக்கு எண்ணம்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் ஸரீனா அந்தச் சாப்பாட்டுக்குப் போனதில்லை. இந்த முறை முகாம் அதிகாரி ஆளனுப்பி அவளை வரச் சொன்னார். தம்பி ஜுனைட்டையும் கூட்டிக்கொண்டு போனாள்.

கொடியேற்றம் முடிந்து பாற்சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி அவர்களைக் கொட்டகைக்கு அப்பால் அழைத்துப் போனார். தமிழ் தெரிந்த கடற்படைக்காரன் ஒருவன் கூட வந்து, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். ஸரீனாவின் வீட்டில் படுத்த கடற்படைக்காரர்களுக்கெல்லாம் காய்ச்சல் வந்ததாம். பிக்குவை அழைத்துப் பிரித் ஓதியும் பார்த்தார்களாம். பூட்டி வைத்த பிறகும் பட்டப்பகலில் உள்ளே யாரோ கூட்டுகிற சத்தம் கேட்கிறதாம்.

பூட்டைத் திறந்தார்கள். ஜுனைட் வாசலில் நின்றுவிட்டான்.

உடைந்த கூரை வழியே காற்று கொண்டுவந்த மணல் தரையெல்லாம் பரவியிருந்தது. அதில் விளக்குமாற்றுக் கோடுகள் பிறை பிறையாகக் கிடந்தன, அப்போதுதான் இழுத்ததுபோல. ஒரு காலடிகூட இல்லை. சமைக்கிற குசினிப் பக்கமிருந்து வந்த கூட்டுகிற சத்தம் ஸரீனா காலெடுத்து வைத்ததும் நின்றது.

"உங்கட ஆள்தானே அக்கா," என்றான் மொழிபெயர்க்க வந்தவன். "போகச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாக் கேக்கும்."

ஸரீனா குசினியைப் பார்த்து மெல்லச் சொன்னாள். "உம்மா, நான் ஸரீனா. நீங்கள் போகாதீங்கோ. இவங்கள் போகுமட்டும் இருங்கோ."

அவள் சொன்னது மொழிபெயர்க்க வந்தவனுக்கு விளங்கியது. அதிகாரி சிங்களத்தில் கேட்க, ஏதோ சுருக்கமாகச் சொன்னான். அதிகாரி அவளைக் கும்பிட்டார்.

"'போகச் சொல்லிட்டா' எண்டு சொன்னான், ராத்தா," என்றான் ஜுனைட், வெளியே வந்ததும். புத்தளத்தில் வளர்ந்ததில் அவனுக்குச் சிங்களம் தெரியும்.

மாரி மழை தொடங்குமுன் கம்பி வேலி உள்ளே தள்ளிப்போனது. அந்த வீடு மட்டும் வெளியே வந்தது. ஏனென்று யாரும் சொல்லவில்லை. ஸரீனா கூரையைச் சரிசெய்து குடிபுகுந்தாள்.

மறு வருட வெற்றி நாளில், கதையைக் கேள்விப்பட்டு, பழைய அயல்வீட்டுப் பாத்தும்மா வந்தாள். அவளுடைய வீடு இன்னும் வேலிக்கு அந்தப் பக்கம்தான். "உம்மாட்ட ஒருக்காக் கேளு," என்றாள். "எங்கட வீட்டுக்கும் போவாவோ எண்டு."

ஸரீனா குசினிப் பக்கம் பார்த்தாள். அவள் குடிவந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. உம்மா எங்கே போனார் என்று அவளுக்கே தெரியாது.