பதினெட்டு மார்க் அம்மா

முதுமையும் நடுவயது வாழ்க்கையும் என்ற துணைப்பாடத்தை அவள் எடுத்ததற்கு ஒரே காரணம், அதில் கணக்கு கிடையாது. முக்கியப் பாடமான புள்ளியியலில் ஏற்கெனவே மண்ணைக் கவ்வியிருந்தாள். இதிலும் கோட்டைவிட்டால் ஒரு வருஷம் வீண். ஐம்பது தாண்டிய ஒருவரை ஒரு மணிநேரம் பேட்டி எடுத்து எழுத வேண்டும், இருபது மார்க்.

அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு. பக்கத்து அறையில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்க் கேட்கச் சோம்பல். பெற்ற தாயைப் பற்றித் தெரியாதா என்று மகளே பதில்களை எழுதிவிட்டாள். 'அடுத்த பத்து வருடத்தில் உங்கள் ஆசை?' 'பிள்ளைகள் நன்றாக இருந்தால் போதும்.'

அம்மா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். திருட்டு முழியைப் பார்த்தே ஆளைப் பிடிப்பவள். மேசையில் கிடந்த தாளைப் படித்தாள்.

"யாருடி இந்தப் பொம்பள?"

"நீதாம்மா."

"நானா? டிக்கெட் இல்லாம ஏத்திவிட்டிருக்க. கீழ எறக்கு. நான் சொல்றேன், எழுது. தனியா ஒரு ரூம். ஒரு கட்டில், ஒரு நாற்காலி. ஒரு வருஷம்."

"அப்பா?"

"ஞாயித்துக்கிழம வரட்டும். பெல் அடிச்சிட்டு."

"அவர் மேல கோபமா?"

"கோபம் என்ன கோபம்? தங்கமான மனுஷன். தங்கத்தையும் கழட்டி வெச்சிட்டுத்தானடி தூங்குறோம்?"

அப்படியே எழுதிக் கொடுத்தாள். முப்பது வருஷமாக இதே பாடத்தை நடத்தும் பேராசிரியர், 'எந்தத் தாயும் இப்படிச் சொல்ல மாட்டாள். கற்பனையைக் குறைக்கவும்' என்று ஏழு போட்டார். தேற, பத்து வேண்டும். திருத்தி எழுத ஒரே வாய்ப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு பழைய பொய்யையே கொடுத்தாள். பதினெட்டு! 'உண்மை பேசுகிறது' என்று பாராட்டு வேறு.

தாளை அம்மாவிடம் நீட்டும்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பாஸாயிட்டேன். உன்னத்தான் வித்துட்டேன்."

அம்மா நிதானமாகப் படித்தாள். "நல்ல பொம்பளதான் பாவம். பதினெட்டு குடுக்கலாம்." செருப்பை மாட்டினாள். "ரூம் பாக்கப் போறேன். வர்றியா?"

மூன்றாவது மாடி. ஒரே ஜன்னல். வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுக் கீழே போனார்.

"இன்னொரு நாற்காலி போட எடம் இருக்கும்மா."

"இருக்கு. போடத்தான் மாட்டேன்."

மகள் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். கையில் தாளும் இல்லை, பேனாவும் இல்லை.

"வேற என்னென்னம்மா ஆச?"

அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒரு மணிநேரம் ஆகும். பரவால்லயா?"