புளியங்கொட்டையளவு இரும்பு

கட்டிலில் இருந்தபடி இராசமலர் வலது காலை அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். விடிந்துவிட்டது. ஆறு மணிக்குப் பள்ளிக்கூடத்துக் குசினியைத் திறக்கவேண்டும், நூற்றிப்பத்துப் பிள்ளைகளுக்குச் சோறும் பருப்பும் ஆகவேண்டும். எல்லாம் தெரிந்தும் கால் இறங்கமாட்டேன் என்றது. முதல் அடிதான் பொல்லாதது. அதை வைத்த உடனே குதிக்காலில் ஆணி இறங்கியதுபோல நோ உச்சந்தலைக்கு ஏறும். இருபது அடி நடந்தால் மெல்லக் குறைந்துவிடும். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி வருவதற்குள், இப்போது துடித்தது நான்தானா என்று அவளுக்கே சந்தேகம் வரும். அப்படிக் குறைவதுதான் அவளை இன்னும் பயப்படுத்தியது. நோ என்றால் ஒரு இடத்தில் கிடக்கவேண்டாமா? இது வருகிறது, போகிறது. உள்ளே ஏதோ அசைகிறது.

அசைவது எது என்று அவளுக்குத் தெரியும். பதினாறு வருசத்துக்கு முன்னால், கடைசிச் சண்டையில், அந்தக் காலின் கெண்டைச்சதையில் மூன்று செல் பீஸ், குண்டு வெடித்துச் சிதறிய இரும்புத் துண்டுகள், ஏறின. இரண்டை எடுத்தார்கள். மூன்றாவதை அகதி முகாம் ஆஸ்பத்திரி டொக்டர் தொடவில்லை. நரம்புக்குப் பக்கத்தில் இருக்கு, அது தன்ர பாட்டுக்குக் கிடக்கட்டும், இடம் மாறினால் மட்டும் வாங்கோ என்றார். பின்னால் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது சொன்ன சொல். அவர் அன்றைக்கே மறந்திருப்பார். இவள் மறப்பாளா? அன்றிலிருந்து அந்தக் காலை நித்திரைப் பிள்ளையைக் கிடத்துவதுபோலத்தான் வைத்து எடுத்தாள். குந்தமாட்டாள். நீட்டி நிமிர்த்தமாட்டாள். குதிக்காலை முழுதாக ஊன்றாமல் ஒரு பக்கம் சாய்த்து நடப்பாள். இரும்பை எழுப்பிவிடக்கூடாது, அவ்வளவுதான்.

முகாமில் இருந்த காலத்தில் தடவிப் பார்த்தால் புளியங்கொட்டையளவில் விரலில் தட்டுப்படும். பிறகு பயத்தில் தொடுவதையே விட்டுவிட்டாள். மூன்று மாதத்துக்கு முன் இந்தக் குதிக்கால் நோ தொடங்கியதும் ஓடிப்போய்த் தேடினாள். காணவில்லை. அமுக்கிப் பார்த்தாள், எண்ணெய் தடவி உருவிப் பார்த்தாள். ஐயோ, இருந்த இடத்தில் இல்லை என்றால் எங்கே போயிருக்கும்? கீழேதான். கூடச் சமைக்கிற அமராவதியக்காவிடம் வாய் தவறிச் சொன்னது அதைவிடப் பெரிய பிழை. எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்க்க அந்த மனுசியை விட்டால் ஆளில்லை. "எங்கட மச்சாளின்ர மனுசனுக்கும் இப்பிடித்தான் இறங்கினது. கடைசியில முழங்காலோட எடுத்துப்போட்டாங்கள்" என்று சொல்லிவிட்டு, அவ பாட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. அன்றிலிருந்து இராசமலருக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் படம் பிடிப்பார்கள். படம் பிடித்தால் வெட்டுவார்கள். ஒரு காலோடு அடுப்படியில் எப்படி நிற்பது?

"என்னப்பா, கொக்கு மாதிரி ஒத்தக்காலைத் தூக்கிக்கொண்டு இருக்கிறாய்?"

வாசலில் புருசன் யோகலிங்கம் பல்லுத் தீட்டியபடி நின்றார். ஒன்றுமில்லை என்று சொல்லப் போனவள் அவசரத்தில் காலை வைத்துவிட்டாள். நோ ஏறியது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வெறுந்தரையில் இருந்துவிட்டாள். மூன்று மாதமாக அடக்கிவைத்த அழுகை உடைத்துக்கொண்டு வந்தது.

"பீஸ் இறங்கிட்டுது. குதிக்காலுக்கு வந்திட்டுது. என்ர காலை எடுக்கப்போறாங்கள்."

இந்தமுறை அவர் பகிடி விட்டுச் சிரிக்கவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "சேலையை மாத்து, வெளிக்கிடு. குசினியை இண்டைக்கு அமராவதியக்கா திறக்கட்டும்" என்றார். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு மோட்டச்சைக்கிளில் போனார்கள். பள்ளம் வந்த இடமெல்லாம் அவர் மெதுவாக இறக்கி ஏற்றினார்.

எக்ஸ்றேப் படத்தைத் திரையில் போட்டதும் முதலில் கண்டது அவள்தான். குதிக்கால் எலும்பின் அடியில், முன்பக்கம் பார்த்தபடி, வெள்ளையாய்க் கூராய் ஒரு முள்.

"அந்தா! அந்தா கிடக்கு! நான் சொன்னனான்தானே!"

டொக்டர் ஒரு இளம்பெண், மகள் வயதுதான் இருக்கும். சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் பக்கத்தில் வந்து இருந்தா.

"அம்மா, அது உங்கட சொந்த எலும்பு. கொஞ்சம் வளர்ந்திருக்கு, நோவே இல்லாத கனபேருக்கும் இருக்கும். நீங்கள் தேடுறது இஞ்ச." விரல் மேலே போய்க் கெண்டைக்காலில் நின்றது. "வைச்ச இடத்திலயே கிடக்கு."

"அப்ப ஏன் பிள்ளை கையில தட்டுப்படேல்லை?"

"முகாமில எலும்பும் தோலுமா இருந்திருப்பியள். இப்ப சதை வைச்சிருக்கு."

இராசமலர் தன் காலைக் குனிந்து பார்த்தாள். டொக்டர் தொடர்ந்து சொன்னா. குதிக்காலிலிருந்து விரல்வரைக்கும் உள்ளங்காலுக்கு அடியில் ஒரு தடித்த நார் ஓடுது. நாள் முழுக்கச் சீமெந்தில் வெறுங்காலோடு நின்றால் அது நைஞ்சுபோகும். இரவில் சுருங்கும், காலையில் முதல் அடியில் இழுபடும், அதுதான் அந்த ஆணி. வீட்டுக்குள்ளும் செருப்புப் போடவேண்டும். ஐஸாக்கிய தண்ணிப் போத்தலைக் காலுக்கு அடியில் உருட்டவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், சுவரைப் பிடித்து, நோகிற காலைப் பின்னால் வைத்து, குதிக்காலை நிலத்தில் அமத்தி, கெண்டைக்கால் இழுபட முப்பது எண்ணவேண்டும்.

"இழுபடவோ?" அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். "அது எழும்பிடுமே!"

"எழும்பாதம்மா. சுத்திவரச் சதை இறுக்கிப் பிடிச்சிருக்கு. இரும்பால நோ வரேல்லை. இரும்புக்குப் பயந்து காலை நீட்டாம வைச்சிருந்தியள், கெண்டைக்கால் இறுகிப்போச்சு. அது குதிக்காலைப் பிடிச்சு இழுக்குது. ரெண்டு மூண்டு மாசம் விடாமச் செய்யுங்கோ."

வரும் வழியில் யோகலிங்கம் ஒரு சோடி மெத்தென்ற செருப்பு வாங்கி, கிணற்றடியில் கழுவிக் கட்டிலடியில் வைத்தார். "சாமிப் படம் இருக்கிற வீட்டுக்குள்ள செருப்போ?" என்று அவள் முகத்தைச் சுளித்தாள். "பாம்பாய் இருக்கிற நாகதம்பிரானுக்குக் காலே இல்லை, அவர் என்னத்தைக் கண்டார்?" என்றார் அவர். "வாயைக் கழுவுங்கோ!" என்று ஏசினாள். ஆனால் மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை செருப்பைப் போட்டுக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்றாள். இரண்டு கையையும் சுவரில் ஊன்றினாள். வலது காலைப் பின்னால் வைத்தாள். குதிக்கால் இறங்கவில்லை, செருப்புக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் நின்றது. படம் பொய் சொல்லாது என்று புத்தி சொன்னது. பதினாறு வருசப் பயம் புத்தியைக் கேட்குமா? கண்ணை மூடிக்கொண்டு அமத்தினாள். கெண்டைக்கால் கயிறு மாதிரி விறைத்து இழுபட்டது. ஒன்று, இரண்டு, மூன்று.

எண்ணத் தொடங்கிய பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. சண்டைக் காலத்தில் பங்கர்க் குழிக்குள் பதுங்கி இப்படித்தான் எண்ணுவார்கள். தூரத்தில் செல்லை ஏவுகிற சத்தம் கேட்டதும் யோகலிங்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணுவாள். இருபது தாண்டினால் அது வேறெங்கோ விழப்போகிறது என்று அர்த்தம். இருபதுக்கு மேல் அவள் ஒருநாளும் எண்ணியதில்லை. காலில் பட்ட அன்று பதினெட்டில் விழுந்தது.

பதினேழு. பதினெட்டு. நெற்றி வியர்த்துச் சுவரில் ஒட்டியது. பத்தொன்பது. கால் இழுபட்டபடியே இருந்தது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. இருபது. அதற்குமேல் வாய் வரவில்லை.

"இருபத்தொண்டு" என்றார் யோகலிங்கம், வாசலில் நின்று.