அவன் உட்காரும் வரை இவனும்

கையைத் தூக்கியவர்களில் நானும் ஒருத்தன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுபத்தோராம் வருஷம் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் பெல்ஹார்பர் ஊர்க்காரன் ஒருத்தன் எங்கள் கோல்கீப்பரின் தாடையை மட்டையால் உடைத்தான். லீக் கமிட்டி அவனுக்குக் கொடுத்த தண்டனை இரண்டே ஆட்டம். எங்கள் கோல்கீப்பர் இரண்டு மாசம் சூப்பை உறிஞ்சிக் குடித்துக்கொண்டு கிடந்தான். எங்கள் ஸ்டாக்லி ஊரே கொதித்தது. அவர்களுடைய பஸ்ஸை மறித்தோம். மீன் ஆலைக்காரர்கள்தானே என்று யாரோ உறைந்த காட் மீனைக் கண்ணாடியில் வீசினான், கண்ணாடி விரிசல் விட்டது. அந்தக் கோடையில் சர்ச் ஹாலில் நடந்த லீக் கூட்டத்தில் எங்கள் டீம் மேனேஜர் சிரில் எழுந்து ஒரு புது விதி கேட்டான். விதிக்குப் புறம்பாக அடித்து ஒருத்தனைக் காயப்படுத்தினால், அடிபட்டவன் மறுபடி ஐஸில் இறங்குகிற வரைக்கும் அடித்தவனும் இறங்கக்கூடாது. அவன் எத்தனை நாள் உட்காருகிறானோ இவனும் அத்தனை நாள்.

எல்லா ஊர்க்காரர்களும் கை தூக்கினார்கள். அவரவருக்கு அவரவர் ஆள் அடிபட்டதுதான் ஞாபகம். நானும் தூக்கினேன். வெளியே வந்து ரம் குடித்தோம்.

நான் காகித ஆலையில் மரக்கட்டைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கட்டைகள் உருண்டு உருண்டு பட்டை உரிகிற பெரிய உருளைக்குப் பக்கத்தில் கொக்கிக் கம்பை வைத்துக்கொண்டு நிற்பது. இருபத்தாறு வருஷம். அந்த இரைச்சலில் பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது, அதனால் நாள் முழுக்க யாரும் வாய் திறப்பதில்லை. எங்களுக்கு வாயைத் திறக்கக் கிடைத்த ஒரே இடம் ஹாக்கி ஆடுகிற ஐஸ் அரங்கம், எங்கள் ரிங்க்தான். அதிலும் என் தம்பி ஹெய்வர்ட் ஆடினால் நான் போடுகிற கூச்சல் தனி. அப்பா படகோடு கடலில் மூழ்கிப் போனபோது அவனுக்கு ஏழு வயசு. நான்தான் வளர்த்தேன். என்னை ஸ்கிப்பர், அதாவது படகுத் தலைவன், என்றுதான் கூப்பிடுவான்.

எழுபத்தி நாலாம் வருஷம் ஏப்ரல். பெல்ஹார்பரோடு இறுதிப் போட்டி, ஏழு ஆட்டம். மூன்றாவது ஆட்டத்தில் வட்டு எப்போதோ மறுபக்கம் போய்விட்டது. ஹெய்வர்ட் பலகைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தான். பெல்ஹார்பரின் ரெக் பென்னல் பின்னாலிருந்து ஓடி வந்து முழங்கையைப் பிடரியில் இறக்கினான். தலை பலகையில் மோதிய சத்தம் எங்கள் உருளையில் கட்டை விழுகிற சத்தம் மாதிரியே இருந்தது.

நான் கம்பி வலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என் வாயிலிருந்து வந்தது இது:

"பென்னல்! உங்க அம்மா உன்னை மீன் குடலோட சேத்துக் கடல்ல கொட்டியிருக்கணும்டா!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பி அசையாமல் கிடக்கும்போது என் பேச்சுக்குச் சிரிப்பு வந்ததில் எனக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது.

நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தான். வெளிச்சம் கண்ணுக்கு ஆகவில்லை. அவன் மனைவி டாஃப்னி ஜன்னல்களில் கம்பளி கட்டித் தொங்கவிட்டாள். டீயில் உப்புப் போட்டுக் குடித்தான், வித்தியாசம் தெரியவில்லை. ஆறு வருஷமாக வளர்த்த நாயின் பெயரை என்னிடம் கேட்டான். இலையுதிர் காலம் வரை ஸ்கேட்டைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

விதிப்படி பென்னலும் உட்கார்ந்தான். அதில்தான் வினையே வந்தது.

அவன் உட்கார்ந்தது பெல்ஹார்பர் ரிங்க்கின் மேல் வரிசையில். ஐந்தாவது ஆட்டத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்து சொன்னார்கள்.

"வறுத்த உருளைக்கிழங்குல வினிகர் ஊத்தித் தின்னுக்கிட்டு இருக்கான்யா."

"பக்கத்துல பொம்பளை வேற."

"இதுவா தண்டனை? எனக்கும் யாராவது இப்படித் தண்டனை குடுங்கப்பா, ஆலைக்கு லீவு போட்டுட்டு வர்றேன்."

எங்கள் ஆட்களுக்குக் கோப்பை மேல் இருந்த ஆசை அன்றைக்கே போய்விட்டது என்று நினைக்கிறேன். ஆறாவது ஆட்டம் முடிந்தபோது ஆளுக்கு மூன்று வெற்றி. ஏழாவது எங்கள் ரிங்க்கில், ஞாயிற்றுக்கிழமை மதியம். பென்னல் இல்லாத பெல்ஹார்பரை எங்களால் அடித்துவிட முடியும். ஆனால் முடிதிருத்தும் கடையிலும் சரி, ஆலை கேன்டீனிலும் சரி, ஜெயிப்பதைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. எல்லாருக்கும் பென்னல் வேண்டும். ஐஸ் மேல் வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்தபோது சிரில் ஆலை வாசலுக்கு வெளியே நின்றிருந்தான். கூட ஹிஸ்காக். எங்கள் டீமின் முரட்டு ஆள். கதவு அளவு இருப்பான், அதிகம் பேசமாட்டான்.

"ஆம்ப்ரோஸ், தம்பி எப்படி இருக்கான்?"

"இருக்கான்."

"எழுந்து நடக்கிறானா?"

"நடக்கிறான். என்ன விஷயம், அதைச் சொல்லு."

சிரில் குரலைத் தாழ்த்தினான். "ஹெய்வர்ட் பேரு ஞாயித்துக்கிழமை ஆட்டக்காரங்க சீட்டுல இருந்தா, அவன் ஐஸ்ல காலை வச்சா, விதிப்படி பென்னலும் இறங்கலாம். நான் லீக்குக்கு ஃபோன் போட்டுக் கேட்டுட்டேன். அவனுங்களுக்கு ஒரே சந்தோஷம், கண்டிப்பா இறக்குவானுங்க."

"அவனுங்க நல்ல ஆளை நீயே திருப்பிக் குடுக்கிறியா? கிறுக்கா உனக்கு?"

"வரட்டும்யா. வந்தாத்தானே ஸ்ட்ரெச்சர்ல தூக்கிக்கிட்டுப் போக முடியும்."

ஹிஸ்காக் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் போதும்," என்றான். "முதல் விசில்ல உன் தம்பி வெளிய வந்துடலாம். மீதியை நான் பாத்துக்கிறேன்."

"டாக்டர் ஸ்கேட் போடக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"டாக்டர் டொரண்டோக்காரர்," என்றான் சிரில். "அவருக்கு பென்னலைத் தெரியுமா? நீ சொன்னா ஹெய்வர்ட் கேப்பான். ஊரே கேக்குதுன்னு சொல்லு."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உடம்பு அலுப்பு என்று காரணம் காட்டலாம், ஆனால் உண்மை அதுவல்ல. அவன் வினிகர் ஊற்றித் தின்றது எனக்கும் தொண்டையில் நின்றது.

சனிக்கிழமை காலையில் தம்பி வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் ரிங்க்கில் இருந்த அவன் ஸ்கேட்டை எடுத்து, அதன் அடிக் கத்தியைத் தீட்டக் கொடுத்து வாங்கி, பையில் போட்டுக்கொண்டேன். டாஃப்னி கதவைத் திறந்தாள். முதலில் பார்த்தது பையைத்தான்.

"என்ன ஆம்ப்ரோஸ் அது?"

"சும்மா. ரிங்க்ல கிடந்துச்சு. துருப்பிடிச்சிடும்னு எடுத்துட்டு வந்தேன்."

அவள் பைக்குள் கையை விட்டு வெளியே எடுத்தாள். கட்டைவிரலில் ஒரு சின்னக் கீறல் விழுந்து ரத்தம் வந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

உள்ளே இருட்டில் ஹெய்வர்ட் சோஃபாவில் உட்கார்ந்திருந்தான். நான் சிரில் சொன்னதைச் சொன்னேன். அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"எல்லாரும் கேக்கிறாங்களா?"

"ஹெய்வர்ட்," என்றாள் டாஃப்னி, "நேத்து கழிப்பறைக்குப் போயிட்டு வர வழி தெரியாம நின்னே. ஞாபகம் இருக்கா?"

"ஒரு நிமிஷம்தானே, டாஃப். இந்த வீட்டுக்குள்ள இருட்டுல கிடக்கிறதுக்கு..." பிறகு என் பக்கம் திரும்பினான். "நீ என்ன சொல்றே, ஸ்கிப்பர்?"

அவன் அப்படிக் கேட்டது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வேண்டாம்டா என்று ஒரு வார்த்தை, ஸ்கேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"உன் இஷ்டம்," என்றேன்.

டாஃப்னி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "அவர் இஷ்டத்தைக் கேக்க வர்றதுக்கு முன்னாடியே கத்தி தீட்டியாச்சு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ரிங்க்கில் நிற்க இடமில்லை. பென்னல் ஐஸில் இறங்கியபோது எழுந்த சத்தத்தை எங்கள் டீம் கோப்பை வாங்கிய வருஷம்கூட நான் கேட்டதில்லை. கிழவிகள்கூடப் பெஞ்சில் ஏறி நின்றார்கள். கொலைகாரன், கொலைகாரன் என்று காலால் தட்டித் தாளம் போட்டார்கள். நானும் தட்டினேன்.

ஆட்டம் தொடங்கியதுமே ஹெய்வர்ட் இறங்கினான். ஓரமாக மெதுவாக நழுவிப் போனான். வட்டு அவன் பக்கம் வரவேயில்லை. அரை நிமிஷத்தில் ஆட்டம் நின்றது, ரெஃப்ரி விசில் ஊதினார். முடிந்தது, வெளியே வந்துவிடலாம்.

அவன் வரவில்லை. தலையைத் தூக்கி மேலே விளக்குகளைப் பார்த்தான். பிறகு நேராக பெல்ஹார்பர் ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சைப் பார்த்துப் போனான். அங்கே போய்க் கதவைத் தேடித் தடவினான், பூட்டிய வீட்டுக்கு வெளியே நிற்பவன் மாதிரி. பக்கத்திலிருந்தவன் சிரித்தான். "டேய், விலை போயிட்டியா?" என்று யாரோ கத்தினான்.

பென்னல்தான் முதலில் புரிந்துகொண்டான். மட்டையைக் கீழே போட்டுவிட்டு அருகே வந்தான். ஹெய்வர்டின் முழங்கையைப் பிடித்து, இன்னொரு கையை முதுகில் வைத்து, எங்கள் பெஞ்ச் பக்கமாகத் திருப்பினான். அவன் வாய் அசைந்தது. "உன் இடம் அங்க இருக்கு" என்று சொல்லியிருப்பான். தம்பி அவன் மேல் சாய்ந்து நடந்தான். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நான் பத்து அடி தூரத்தில் இருந்தேன்.

மற்றவர்களுக்குத் தெரிந்தது பென்னலின் கை ஹெய்வர்டின் மேல் இருந்தது மட்டும்தான். ரிங்க் வெடித்தது. ஹிஸ்காக் மறுகோடியிலிருந்து கிளம்பிவிட்டான். நிறுத்தியிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்தேன். அந்த நேரத்தில் என் வாய் என்ன சொன்னது என்பதும் எனக்குத் தெரியும்.

"இப்போ! இப்போ போடு!"

ஹிஸ்காக் பின்னாலிருந்து பென்னலின் மேல் பாய்ந்தான். பென்னல் முன்னால் விழுந்தான். அவனுக்கு முன்னால் இருந்தது என் தம்பி. மூன்று பேர் எடையோடு தம்பியின் தலை ஐஸில் போய் அடித்தது. ஊர் கை தட்டியது. தட்டிக்கொண்டே இருந்தது. பென்னல் தோள்பட்டை உடைந்து ஒரு கையால் தவழ்ந்து, ஹெய்வர்டின் வாயிலிருந்து ரப்பர் பல்காப்பை எடுத்துக்கொண்டிருந்தபோதும் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்த ஆட்டம் பாதியில் நின்றது. அந்த வருஷம் கோப்பை யாருக்கும் இல்லை.

கோடையில் அதே சர்ச் ஹாலில் கூட்டம் போட்டார்கள். அதற்குள் ஊரில் கதை கெட்டிப்பட்டுவிட்டது. பென்னல் மயங்கி நின்றவனைப் பிடித்துக் கீழே தள்ளினான், ஹிஸ்காக் காப்பாற்ற ஓடினான். ஆலையில், கடையில், சர்ச்சில், எல்லா இடத்திலும் இதுதான். ரெஃப்ரி அந்த நேரம் வேறு பக்கம் திரும்பியிருந்தாராம். சிரில் எழுந்து பேசினான். விதி தெளிவாக இருக்கிறது, ஹெய்வர்ட் திரும்ப இறங்குகிற வரை பென்னல் இறங்கக்கூடாது. ஹெய்வர்ட் இனி இறங்கமாட்டான் என்பது ஹாலில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அந்த விதி அவர்களுக்கு அவ்வளவு இனித்தது.

கமிட்டித் தலைவர் என்னைக் கேட்டார். "நீங்க அவன் அண்ணன். பக்கத்துல இருந்தீங்க. சொல்லுங்க."

எழுந்தேன். கால் வலித்தது. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"பென்னல் தள்ளலை," என்றேன். "பிடிச்சிருந்தான். விழாம பிடிச்சிருந்தான். அடிச்சது ஹிஸ்காக். நான் போடுன்னு கத்தினேன். தம்பியைக் கூட்டிக்கிட்டு வந்ததும் நான்தான். விதிப்படி உக்காரணும்னா நாங்கதான் உக்காரணும்."

ஹாலில் ஒரு இருமல் சத்தம். சிரில் என்னிடம் வந்து தோளில் கை போட்டான், ரொம்ப அன்பாக.

"உக்காரு ஆம்ப்ரோஸ். நீ ராத்திரி ஷிஃப்ட் பாத்துட்டு வந்திருக்கே." மற்றவர்களைப் பார்த்துச் சொன்னான்: "கூடப் பிறந்தவன் இல்லையா. மனசு தாங்கலை, குழம்பிப் போயிருக்கான்."

பாவம் என்று யாரோ சொன்னார்கள். ஒரு பெண் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு கைகள் உயர்ந்தன. பெல்ஹார்பர்க்காரர்களைத் தவிர எல்லாரும். ஹிஸ்காக்கும் தூக்கினான், கண்ணைக் கீழே வைத்துக்கொண்டு.

வெளியே வண்டிகள் நிற்கிற இடத்தில் பென்னல் தன் டிரக்கில் சாய்ந்து நின்றிருந்தான். தோள் இன்னும் நேராகவில்லை. பக்கத்தில் பார்த்தால் என் தம்பியைவிடச் சின்னவன் மாதிரி இருந்தான். அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"நீங்க சொன்னதைக் கேட்டேன்," என்றான். "விடுங்க. உக்காந்துக்கிறேன். முதல் அடி நான் அடிச்சதுதானே."

டிரக் கதவைத் திறந்தவன் மறுபடி மூடினான்.

"அவன் எப்படி இருக்கான்?" என்றான். "சாப்பிடுறானா? யாரையாவது அடையாளம் தெரியுதா?"

டாஃப்னி அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எனக்குக் கதவு திறக்கவில்லை. தினமும் ஷிஃப்ட் முடிந்து அந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறேன். ஜன்னல்களில் கம்பளி தொங்குகிறது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

அதைத்தான் பென்னலிடம் சொன்னேன். ஜன்னல்ல கம்பளி தொங்குது, என்றேன்.