போத்தலில் போட்ட பிள்ளையார் சுழி

ரிஷானியைப் பற்றிச் சொல்லும்போது நல்லபிள்ளைக்கு நடிக்க எனக்கு விருப்பமில்லை. அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். காலையில் லூட்சேர்னில் ரயில் ஏறும்போதே எரியத் தொடங்கிவிடும். வழியில் சூக் நிலையத்தில் அவள் ஏறி, "தர்சினி, இடம் பிடிச்சு வைச்சனியோ?" என்று சிரித்துக்கொண்டு எனக்கு எதிரே உட்காரும்போது நெஞ்சுவரை வந்து நிற்கும். இடம் பிடித்துத்தான் வைத்திருப்பேன். அது இன்னும் எரிச்சல்.

இருவரும் சூரிச்சில் இரசாயனவியல் படிக்கிறோம். வகுப்பில் தமிழ்ப் பெண்கள் நாங்கள் இரண்டே பேர். அது போதாதென்று, என் அம்மாவும் அவளுடைய அம்மாவும் சூக்கில் ஒரே அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. ஒருவர் கண்ணாடி துடைக்க மற்றவர் கூட்டும்போது எங்கள் புள்ளிகளைத்தான் கதைப்பார்கள். நான் எம்மன்புரூக்கேயில் உள்ள வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுமுன் அவளுடைய புள்ளி எங்கள் குசினிக்கு வந்து சேர்ந்திருக்கும். "ரிஷானிக்கு ஐந்தரையாம்," என்பார் அம்மா, குனிந்து வெங்காயம் வெட்டியபடி. இங்கே ஆறுதான் உச்சம். நான்குக்குக் கீழே போனால் தோல்வி. நான் நான்கைச் சுற்றியே வாழ்கிறவள்.

இரசாயனவியல் என்றால் வண்ண வண்ணத் திரவம், புகை, வெடி என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். முதல் ஆண்டு முழுக்கக் கணக்கும் பௌதிகமும் போட்டு அறுத்தார்கள். பிறகு ஆய்வுகூடம். அங்கே பாதிப் படிப்பு பாத்திரம் கழுவுவது. மற்றப் பாதி காத்திருப்பது: சூடாகும்வரை, ஆறும்வரை, வடியும்வரை, காயும்வரை. பகல் முழுக்க நின்று கால் வீங்கும். மேலங்கியில் அமிலம் தின்ற ஓட்டைகள். தலைமுடியில் ஏறிய கரைப்பான் வாடைக்கு ரயிலில் பக்கத்து ஆள் மூக்கைத் திருப்பிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அறிக்கை எழுதினால் புதன்கிழமை சிவப்பு மையோடு திரும்பி வரும். இவ்வளவும் எதற்கு? கடைசியில் ஒரு சின்னப் போத்தலின் அடியில் அரைக் கரண்டித் தூள். அதை ஆளுக்காள் எட்டிப் பார்ப்பார்கள். உன்னுடையது எவ்வளவு, என்ன நிறம் என்று கேட்பார்கள். கலியாண வீட்டில் நகை பார்க்கிற கண்ணெல்லாம் பிச்சை வாங்கவேண்டும்.

ரிஷானியின் தூள் எப்போதும் வெள்ளை. பனி மாதிரி இருக்கும். என்னுடையது எப்போதும் ஏதாவதொரு பழுப்பு. ஒருமுறை அவள் என் போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, தேத்தண்ணிக்குப் போடலாம்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு ரயிலில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு சூக் வரும்வரை அவளோடு கதைக்கவில்லை.

இப்போது சொல்லவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வுகூடப் பயிற்சியில் நான் போன வருடமே ஒருதரம் விழுந்தவள். இது எனக்கு இரண்டாவது தரம். இதிலும் விழுந்தால் அவ்வளவுதான், இரசாயனவியலை விட்டு வெளியே. ரிஷானிக்கு இது முதல் தரம். அவள் விழுந்தாலும் அடுத்த வருடம் இருக்கிறது.

பயிற்சியின் கடைசி வேலை ஒரு தயாரிப்பு. மூன்று கிழமை, நான்கு படி. அதன் பெயரை எழுதினால் ஒரு வரி போய்விடும், விடுங்கள். செய்து முடித்த தூளைச் சின்னப் போத்தலில் இட்டு, எக்சிகாட்டர் என்கிற மூடி போட்ட பெரிய கண்ணாடிச் சாடிக்குள் இரவு முழுக்கக் காயவைக்க வேண்டும். மறுநாள் காலை எங்கள் முன்னால் லூக்காஸ் அதை நிறுத்து, எத்தனை பாகையில் உருகுகிறது என்று பார்ப்பான். லூக்காஸ் எங்களை மேற்பார்வையிடுகிற ஆராய்ச்சி மாணவன். சரியான பாகையில் உருகினால் புள்ளி. உருகாவிட்டால் கும்பிட்டு அழுதாலும் இல்லை.

அந்த வியாழக்கிழமை என் தூள் மஞ்சளாக வந்தது. கழுவினேன், வடித்தேன், மறுபடி கரைத்துப் படியவைத்தேன். அப்போதும் மஞ்சள். பக்கத்து மேசையில் ரிஷானியின் வடிதாளில் பளீரென்று வெள்ளை. அவள் அதைப் போத்தலில் இட்டு, லேபிள் ஒட்டி, சாடிக்குள் வைத்துவிட்டு, யாரோடும் கதைக்காமல் நேரத்தோடு போய்விட்டாள். வழக்கமாகத் தன் பாத்திரத்தைக் கழுவிவிட்டு என்னுடையதையும் கழுவப் பார்ப்பவள், அன்று ஒன்றையும் கழுவவில்லை. கடவுள் கொடுத்த கை, இனி எதற்குக் கழுவவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கிழமை கூடத்தைத் துப்புரவாக்குகிற முறை என்னுடையது. ஐந்தரை மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். மேசையைத் துடைத்தேன். தொட்டியைத் துடைத்தேன். சாடியின் மூடியையும் துடைத்தேன். உள்ளே மற்றவர்களுடையவற்றுக்கு நடுவே எங்கள் இரண்டு போத்தல்களும் அருகருகே நின்றன. அவளுடையது வெள்ளை, என்னுடையது மஞ்சள். அவளுக்கு அடுத்த வருடம் இருக்கிறது, எனக்கு இல்லை என்று ஒரு நியாயம் வந்தது. அது நியாயமில்லை. வயிற்றெரிச்சல்தான் நியாயத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது. அது எனக்கு அப்போதே தெரியும்.

லேபிள்களை உரித்தேன். கிழிந்துபோயின. புது லேபிள் இரண்டு எடுத்து, அவளுடைய பெயரை அவளுடைய சரிந்த எழுத்திலேயே எழுதி மஞ்சள் போத்தலில் ஒட்டினேன். என் பெயரை வெள்ளையில் ஒட்டினேன். இரவில் காற்றுப்பட்டு நிறம் மாறுகிற பொருள்கள் உண்டு. அவளும் அப்படித்தான் நினைப்பாள் என்று கணக்குப் போட்டேன். மூடியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ரயிலைப் பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அவரவர் போத்தலை எடுத்துக்கொண்டு லூக்காசின் மேசைக்கு முன்னால் வரிசையாக நின்றோம். ரிஷானி தன் போத்தலைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். கத்துவாள், ஐயோ மஞ்சளாகிவிட்டதே என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ தூளைவிட லேபிளைத்தான் கூடநேரம் பார்த்தாள்.

வரிசையின் கடைசியில் நின்ற எங்கள் இருவரில் என் முறை முதலில் வந்தது. லூக்காஸ் வெள்ளைத் தூளில் ஒரு சிட்டிகையை மெல்லிய குழாயில் இட்டுச் சூடாக்கினான். உருகவேண்டிய பாகைக்கு நாற்பது பாகை முன்னாலேயே அது தண்ணீராகிவிட்டது. இன்னொரு குழாய் எடுத்து மறுபடி பார்த்தான். அதே பாகை.

"இது கடைசிப் படியை நீங்கள் தொடங்கிய பொருள்," என்றான் ஜெர்மன் மொழியில், மெதுவாக. "ஒன்றுமே நடக்கவில்லை. போட்டதை அப்படியே திருப்பி எடுத்திருக்கிறீர்கள்."

அடுத்தது ரிஷானி. மஞ்சள் தூள் அசையாமல் இருந்தது. சரியான பாகை வந்ததும் ஒரு பாகை இடைவெளிக்குள் முழுவதும் உருகிற்று. லூக்காஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "இந்தமுறை வந்ததில் மிகச் சுத்தமானது இதுதான். நிறத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வெள்ளை முதல் வெளிர் மஞ்சள் வரை இருக்கலாம் என்று செய்முறைத் தாளிலேயே போட்டிருக்கிறதே." ஆறு என்று எழுதினான்.

மூன்று கிழமையாக அந்தத் தாள் என் மேசையில் கிடந்தது. வெள்ளை என்ற சொல்லோடு வாசிப்பதை நிறுத்தியிருந்தேன். ஏனென்றால் ரிஷானியுடையது வெள்ளை.

லூக்காஸ் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பெயருக்கு மேலே இந்த வளைவு என்ன? சிவதர்சினியின் போத்தலிலும் இருக்கிறது."

அப்போதுதான் நானும் பார்த்தேன். இரண்டு லேபிளிலும், பெயருக்கு மேலே, நடுவில், ஒரு 'உ'. பிள்ளையார் சுழி. ஐந்து வயதில் அம்மா கையைப் பிடித்துப் பழக்கியது. பரீட்சைத் தாள், கொப்பி, கடைக்குப் போகிற சாமான் துண்டு, எதில் பேனாவை வைத்தாலும் முதலில் அது விழும். கை தானே போடும், மனசுக்குத் தெரியாது. களவெடுக்கும்போதும் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்கியிருக்கிறேன். ரிஷானி வேதக்காரப் பிள்ளை. ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவள். அவள் வாழ்நாளில் சுழி போட்டவளில்லை. ஆனால் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் எனக்குப் பக்கத்தில் இருந்தவள்.

"எங்கட ஆக்கள் போடுறது," என்று அவனுக்கு ஜெர்மனில் விளங்கப்படுத்தினாள். "தொடங்கிற காரியம் நல்லா வரவேணும் எண்டு." என் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பும் ரயிலில் வழக்கம்போல எதிரெதிரே உட்கார்ந்தோம். தால்வில் நிலையம் தாண்டும்வரை பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"ஏன் சொல்லேல்லை?" என்றேன்.

"என்னத்தைச் சொல்ல? நீ தந்தனீ, நான் வாங்கினனான்." அவள் குரல் சாதாரணமாக இருந்தது. "என்ர பிழைச்சுப்போச்செண்டு நேற்றே எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் தெரியாமல் சோதிச்சுப் பாத்தனான். கக்கூசுக்குள்ள இருந்து அழுதுபோட்டுப் போனனான். அம்மாவுக்கு என்னண்டு சொல்லுறது எண்டு இரவு முழுக்க நித்திரை இல்லை. காலமை போத்தலைத் தூக்கினால் உன்ர பிள்ளையார் நிக்கிறார்."

"உனக்கு அடுத்த வருசம் இருக்கு. எனக்கு இல்லை, ரிஷானி."

"ஓம். அதை நீ நேற்று யோசிச்சிருக்கவேணும்." முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நீ வடிக்கிற நேரம் நான் உன்ர கையைத்தான் பாக்கிறனான். அவசரப்படமாட்டாய். எனக்கு அந்தப் பொறுமை வராது. எனக்கு அது எவ்வளவு எரிச்சல் தெரியுமோ? நீ என்னடா எண்டால் தூக்கி என்னட்டையே தந்திட்டாய்."

"நான் போய் லூக்காசிட்டச் சொல்லப்போறன்."

"சொல்லு. நான் இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா நானாப் போய்ச் சொல்லவும் மாட்டன்."

சூக்கில் இறங்கினாள். திங்கட்கிழமைக்கு இடம் பிடித்து வை என்று சொல்லவில்லை.

சொன்னால் மோசடி, வெளியே போடுவார்கள். சொல்லாவிட்டால் தோல்வி, அதற்கும் வெளியேதான். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது. ஆனாலும் லூட்சேர்ன் வரும்வரை நான் யோசித்தது அதையல்ல. மிகச் சுத்தமானது என்றானே, அதைத்தான். என் வாழ்க்கையில் ஒருவரும் என் வேலையைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. சொன்ன அன்றைக்கு அவன் வேறொருத்தியின் முகத்தைப் பார்த்துச் சொன்னான். அவளைக் கண்டு பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமில்லை. இப்போது என் தூளைக் கண்டே பொறாமைப்பட்டேன்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே மீன்குழம்பு மணத்தது. அம்மாவின் கைத்தொலைபேசி அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது.

"ரிஷானி ஆறு எடுத்தவளாம்," என்றார் அம்மா. "தாய்க்காரி சந்தோசத்தில அழுகிறா. அந்த வாத்தி, இப்பிடிச் சுத்தமா ஒருத்தரும் செய்யேல்லை எண்டு சொன்னவனாம். எல்லாருக்கும் அப்பிடிக் கை வராது. உனக்கு எத்தினை?"

சப்பாத்தோடு குசினி வாசலில் நின்றேன்.

"அம்மா, அந்த ஆறு என்ர."

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. என்னைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது போலிருந்தது. ஈரக் கையைச் சீலையில் துடைத்துவிட்டு வந்து என் தலையைத் தடவினார்.

"பொறாமைப்படக்கூடாது, பிள்ளை," என்றார். "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா, சாப்பிடுவம்."