ஐந்தாம் நாள் துவைப்பு

என் புருஷன் செத்த ஐந்தாம் நாள் காலையில் நான் பதினோரு பேருக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். விடுதிக்கு வராதே என்றுதான் சொன்னார்கள். ஆனால் வீட்டில் இருந்தால் துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் என் கண்ணையே பார்க்கிறார்கள், எப்போது தண்ணீர் வரும் என்று. வரவில்லை. அழுகை மட்டுமா, பசி வரவில்லை, தூக்கம் வரவில்லை, குளிர்கூடத் தெரியவில்லை. விடுதி அடுப்பங்கரையில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, ரொட்டியைத்தான் பார்ப்பார்கள்.

விடுதி எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து கட்டியது. கல் சுவர், புல் கூரை. குடும்பத்துக்கு ஒரு மாதம் என்று முறை. இந்த மாதம் எங்கள் முறை, அடுப்பு எனக்கு, குதிரைகள் என் புருஷன் தொரிபியோவுக்கு. வருகிற விருந்தாளிகள் சாகசம் செய்ய வருகிறவர்கள். மூச்சு முட்ட வேண்டும், விரல் விறைக்க வேண்டும், கால் கொப்புளிக்க வேண்டும், அப்போதுதான் திருப்தியாக ஊருக்குப் போவார்கள். நாங்கள் சந்தைக்கு உருளைக்கிழங்கு சுமந்துபோகிற பாதைதான் அவர்களுடைய சாகசம்.

அந்தப் பாதையின் உச்சியில், கணவாயில்தான் அவர் விழுந்தார். திடீர் ஆலங்கட்டி மழை. விருந்தாளிகளின் பைகளைச் சுமந்த குதிரை சறுக்கியது. இவர் கயிற்றை விடவில்லை. கொஞ்சம் கீழே குதிரை எழுந்து நின்றுவிட்டது, இவர் எழவில்லை. பைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வழிகாட்டி ரூஃபினோ மலையிலிருந்து ஓடிவந்து எனக்குச் செய்தி சொன்னான். பாதையில் கிடந்த அவருடைய தொப்பியையும் என் கையில் கொடுத்தான். காதை மறைக்கும் கம்பளித் தொப்பி, என் பின்னல். விருந்தாளிகளுக்காக விடுதி வாசலில் பன்னிரண்டு ஆணிகளில் பன்னிரண்டு தொப்பிகள் தொங்கும். எல்லாம் என் பின்னல்தான். அதே சிவப்பு, அதே வெள்ளைப் பூ. தினமும் சாயங்காலம் அவர்கள் கழற்றிக் கொடுப்பதை வாங்கி, உதறி, ஆணியில் மாட்டுவது என் வேலை. அன்றைக்கும் ரூஃபினோ சொல்லி முடிப்பதற்குள் ஆலங்கட்டியை உதறி ஆணியில் மாட்டிவிட்டேன். பழகின கை, என்னைக் கேட்கவில்லை.

அதை நான் நினைத்துப் பார்த்ததே ஐந்தாம் நாள் மத்தியானம் ஆற்றங்கரையில்தான்.

செத்தவரின் துணிகளை ஒன்றுவிடாமல் ஐந்தாம் நாள் ஆற்றில் துவைத்துவிட வேண்டும். துவைக்கும்போது பொண்டாட்டி தொடக் கூடாது, பார்க்கவும் கூடாது, ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். மாப்பிள்ளை முறைக்காரர்தான் துவைப்பார். சாயங்கால வெயில் ஆற்றைவிட்டு மலைமேல் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். ஒரு துணி விட்டுப்போனாலும் செத்தவர் அதைத் தேடி வீட்டுக்கு வருவார், போக வேண்டிய இடத்துக்குப் போகமாட்டார். அப்படி வருகிறவர் திரும்பும்போது வீட்டில் இருக்கிற ஒருத்தரைக் கூட்டிக்கொண்டுதான் போவார் என்பார்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் இல்லை. இருப்பது நான் ஒருத்திதான்.

நாத்தனார் பஸ்குவாலாவின் புருஷன் எவுசேபியோ முழங்கால் தண்ணீரில் நின்று துவைத்தார். கரும்புச் சாராயம் உள்ளே போயிருந்தது.

"ஏன் மச்சான், ஒரு வருஷ அழுக்கையும் எனக்குன்னே சேத்து வச்சிட்டுப் போனியா? இந்தக் கால்சட்டையை ஆத்துல விட்டா மீனெல்லாம் செத்து மிதக்கும்!"

கரையில் எல்லோரும் சிரித்தார்கள். துவைக்கிற இடத்தில் சிரிக்க வேண்டும், அதுதான் வழக்கம். நானும் பல்லைக் காட்டினேன்.

பஸ்குவாலா மூட்டையைக் கிளறினாள். "அண்ணி, அண்ணன் தொப்பி எங்க?"

"விடுதியில."

"விடுதியிலயா? அங்க ஏன்?"

"மாட்டி வச்சேன். இரு, எடுத்துட்டு வரேன்."

போனேன். ஆணிகளில் மீதி இருந்தவை இரண்டே தொப்பிகள். அவருடையதை மட்டும் எனக்கு அடையாளம் தெரியும். சிவப்பு நூல் தீர்ந்துபோய், உள்தையலைக் கறுப்பு நூலில் முடித்திருந்தேன். அது வெளியே தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. இரண்டையும் புரட்டினேன். கறுப்பு இல்லை. காலையில் ரூஃபினோவோடு கணவாய்க்குக் கிளம்பிய யாரோ ஒருத்தன் தலையில் என் புருஷனின் தொப்பி ஏறிப் போயிருந்தது.

மலை ஏறினேன். பாதி வழியில் அவர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். எல்லோர் தலையிலும் தொப்பி இருந்தது, ஒரு நெட்டையனைத் தவிர. அவன் காதுகள் தக்காளியாகச் சிவந்திருந்தன. மற்றவர்களை வரிசையாக நிறுத்தி, பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி ஒவ்வொரு தொப்பியாகத் திருப்பிப் பார்த்தேன். எதிலும் கறுப்பு நூல் இல்லை.

"என்னக்கா இது? இவ்ளோ தூரம் ஏறி வந்து?" என்றான் ரூஃபினோ.

"இந்த நெட்டையன் தொப்பி எங்கடா?"

அவன் தரையைப் பார்த்தான். "மேல இருக்குக்கா. கணவாய்க் கல்குவியல்ல வச்சுட்டான்."

"எதுக்கு?"

"எப்பவும் சொல்றதுதானேக்கா, ஆளுக்கு ஒண்ணு மலைச்சாமிக்கு வைங்கன்னு. எல்லாரும் மிட்டாயோ காசோ வைப்பாங்க. இன்னிக்கு... அண்ணன் விழுந்த கதையையும் சொல்லிட்டேன். கேட்டுட்டு இவன் அழுதுட்டான். அழுதுக்கிட்டே தொப்பியைக் கழட்டி வச்சான்."

எனக்கு வராத அழுகை இவனுக்கு வந்திருக்கிறது. எங்கிருந்தோ விமானம் ஏறி வந்து, என் புருஷனுக்காக என் புருஷன் தொப்பியையே கழற்றி வைத்திருக்கிறான். சிரிப்பு வரவேண்டிய இடம். அதுவும் வரவில்லை.

நெட்டையன் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னான்.

"செத்தவரோட வீட்டுக்காரங்ககிட்ட வருத்தத்தைச் சொல்லச் சொல்றான். அது நீங்கதான்னு அவனுக்குத் தெரியாதுக்கா."

"தெரிய வேணாம். சூப்பு அடுப்புல இருக்கு, சூடா குடிக்கச் சொல்லு. அது அவரோட தொப்பிடா."

ரூஃபினோவின் முகம் வெளுத்தது. பிறகு சொன்னான்: "மலைக்கு வச்சதை எடுக்கக் கூடாதுக்கா. ஒண்ணு செய்யலாம். இவங்க தலையில இருக்கறதும் உங்க பின்னல்தானே. ஒண்ணைக் கொண்டுபோய்க் கழுவிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"செத்தவருக்குத் தெரியும்டா, கழுதை" என்று சொல்லிவிட்டு மேலே நடந்தேன்.

எடுக்கத்தான் போனேன். பதிலுக்கு என் சால்வையை வைத்துவிடலாம் என்று கணக்கு. எங்கள் மலைச்சாமி பேரத்துக்குப் படிகிறவர்தான்.

கணவாயில் காற்று மட்டும் இருந்தது. கல்குவியலின் உச்சியில், தட்டைக் கல் ஒன்றின் கீழே தொப்பி. கல்லைத் தூக்கி வைத்துவிட்டு உள்பக்கம் புரட்டினேன். கறுப்புத் தையல் இருந்தது. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் விழுந்த சரிவு எதிரே தெரிந்தது. அதைப் பார்த்தால் ஏதாவது ஆகும் என்று நினைத்தேன். சரிவு சரிவாகத்தான் இருந்தது.

பத்தொன்பது வருஷம் தினமும் காலையில் அந்த மனுஷன் வீட்டைத் தலைகீழாக்குவார். "லியோகா, என் தொப்பி எங்க?" சில நாள் தலையில் மாட்டிக்கொண்டே கேட்பார். "தலைக்குள்ளதான் ஒண்ணும் இல்ல, தலைமேல இருக்கான்னு பாரு" என்பேன். எத்தனை நாள் அதற்காக அவரைத் திட்டியிருக்கிறேன், அவ்வளவு எரிச்சல் வரும்.

இந்தத் தொப்பியை ஆற்றுக்குக் கொண்டுபோனால் அவர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிடுவார். தேட ஒன்றும் இருக்காது. இனி அந்தக் கேள்வி வராது. ஊரில் எல்லோருக்கும் வேண்டியது அதுதான், அவருக்கு நல்லதும் அதுதான். எனக்கு அது வேண்டாம் என்று தெரிந்தது. எனக்கு அவர் போக வேண்டாம். ஐந்து நாளில் என் மனதுக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரே விஷயம் இதுதான்.

தொப்பியை இருந்த இடத்திலேயே வைத்தேன். தட்டைக் கல்லை அதன் மேல் வைத்தேன். காற்று தூக்கிவிடக் கூடாதே என்று இன்னொரு கல்லையும் தேடி எடுத்து வைத்தேன்.

இறங்கும்போது விடுதிக்குள் நுழைந்து, ஆணியில் இருந்த ஒரு தொப்பியை எடுத்தேன். நெட்டையன் சூப்புக் குடித்துக்கொண்டிருந்தான். ரூஃபினோ என்னையும் தொப்பியையும் பார்த்தான்.

வெயில் அக்கரைப் பாறையில் ஏறத் தொடங்கியிருந்தது. ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையைப் பின்னால் நீட்டினேன்.

"கிடைச்சுதா அண்ணி?" என்றாள் பஸ்குவாலா.

"கிடைச்சுது."

"நல்லவேளை. நான் பயந்தே போயிட்டேன்." அவள் குரல் உடைந்தது. அண்ணனுக்காகவும் எனக்காகவும் பயந்தவள். அவளிடம் பொய் சொன்னது சுட்டது.

எவுசேபியோ துவைத்துப் பிழிகிற சத்தம் கேட்டது. "முடிஞ்சுது தங்கச்சி! மச்சான், உன்னோடது ஒண்ணும் பாக்கி இல்ல. திரும்பிப் பாக்காம நல்லபடியாப் போய்ச் சேரு!"

கரையில் இருந்த ஒவ்வொருவரும் சொன்னார்கள். "போய்ச் சேரு, தொரிபியோ." "போய்ச் சேருண்ணே." கடைசியில் பொண்டாட்டி சொல்ல வேண்டும். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"போயிட்டு வாங்க" என்றேன்.

பஸ்குவாலா பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். ஈரக் கை. "ஐயோ, அப்படிச் சொல்லக் கூடாது அண்ணி! மாத்திச் சொல்லுங்க, சீக்கிரம் மாத்திச் சொல்லுங்க."

நான் மாற்றிச் சொல்லவில்லை.