அடிக்குரல் திருச்சபை

கிறிஸ்தவத்தின் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றில் பிளவோ கருத்து வேறுபாடோ இல்லாத முதல் திருச்சபை, தோபா ஏரிக்கரையில், பாலிகே கடைத்தெருவில், ஒரு டயர் கடையின் மாடியறையில் சென்ற மாதம் தொடங்கப்பட்டது. நிறுவியவன் என் நண்பன் மோனாங். போதகரும் அவனே, சபையாரும் அவனே. இந்த ஏற்பாட்டில் இதுவரை வாக்குவாதம் எதுவும் எழவில்லை.

"அவனவன் சிலுவைய அவனவன்தான் தூக்கணும் மச்சான். கூட்டமா தூக்கறதுக்கு அது என்ன கல்யாண விருந்துப் பன்னியா?" என்றான் என்னிடம்.

கோயிலுக்குப் போகிறவர்களை அவன் மந்தை என்று அழைத்தான். ஒருவர் எழுந்தால் எல்லோரும் எழுகிறார்கள், ஒருவர் ஆமென் என்றால் எல்லோரும் ஆமென் என்கிறார்கள், இதில் கடவுளுக்கு யார் யாரென்று எப்படி அடையாளம் தெரியும் என்று கேட்டான். நான் பொறியியல் மாணவன். எனக்குப் பதில் தெரியவில்லை. அவனும் பொறியியல் மாணவன்தான், ஆனால் அவனுக்குத் தெரிந்திருந்தது.

சபை பிறந்தது ஒரு பாட்டு ஒத்திகையில். எங்கள் ஊரில் ஞானப்பாட்டை நாலு குரலில் பாடத் தெரியாதவனுக்குக் கள்ளுக்கடையில்கூட மரியாதை கிடையாது. மெட்டு பெண்களுடையது. அடிக்குரல்காரன் கீழே நின்று தாங்க வேண்டும், அவ்வளவுதான். மோனாங் மீசை முளைத்த நாளிலிருந்து அடிக்குரல். அன்று மூன்றாம் சரணத்தின் கடைசியில், எழுதியிருந்ததை விட்டுவிட்டுத் தனக்குத் தோன்றிய ஒரு முடிப்பைப் பாடினான். ஆவியானவர் ஏவினார் என்று விளக்கமும் கொடுத்தான். குழுவை நடத்துபவர் சிஹோம்பிங் மாமா, மோனாங்கின் சொந்தத் தாய்மாமன். ஆவியானவர் ஒத்திகைக்கு வருவதாக இருந்தால் முன்னாலேயே சொல்லி அனுப்பட்டும் என்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உன் சொந்த வழிய உன் வீட்ல வச்சுப் பாடு, மாப்ள" என்றார்.

மோனாங் அப்படியே செய்தான். டயர் கடை மாடியிலிருந்த தன் வீட்டுக்குப் போய்ச் சபை தொடங்கினான்.

ஒரே ஒரு சிக்கல். மாமாவின் மகள் தியூர்மா. முறைப்பெண். அவளைத்தான் கட்டிக்கொள்வது என்று மோனாங் பள்ளிக்கூடத்திலேயே முடிவு செய்துவிட்டான். அவளும் மறுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு பக்கம் போவதென்றால் கல்யாணம் எதற்கு, வீட்டில் வாடகைக்கு ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டுவிட்டாள். ஆக, அவள் அவன் சபைக்கு வர வேண்டும், இல்லையென்றால் அவன் கோயிலுக்குத் திரும்ப வேண்டும். சபை நிறுவனர் திரும்புவது வழக்கமில்லை என்றான் மோனாங்.

"சரி அத்தான்," என்றாள் தியூர்மா. "நீ தனியா ஒரு ஞானப்பாட்டு பாடு. என்ன பாட்டுன்னு நான் கண்டுபிடிச்சுட்டா உன் சபையில சேர்ந்துடறேன்."

அந்தச் சனிக்கிழமை மாலை அவள் மாடிக்கு வந்தாள். நான் சாட்சி. மோனாங் நல்ல சட்டை போட்டு, கண்ணை மூடி, எங்கள் ஊரில் கல்யாணம், சாவு, அறுப்புப் பண்டிகை என்று எல்லாவற்றுக்கும் பாடுகிற பாட்டை எடுத்தான். ஆனால் அவனுக்குத் தெரிந்தது அதன் தரைத்தளம் மட்டும்தான். பொம், பொம், பொம். நீண்ட இடைவெளி. மறுபடி பொம். கீழேயிருந்து டயர் கடைக்காரர், தண்ணி மோட்டாரை யாராவது அணைக்க மறந்துட்டீங்களா என்று கத்தினார்.

தியூர்மா நேர்மையாகத்தான் யோசித்தாள். "கிறிஸ்துமஸ் பாட்டா?"

"இல்ல."

"பாட்டுதானா?"

மோனாங் மெட்டையே பாடிக் காட்டப் பார்த்தான். முதல் வரி மேலே ஏறியது. இரண்டாவது வரியில் குரல் சேற்றைத் தேடும் எருமை மாதிரி தானாகவே கீழே இறங்கிப் படுத்துக்கொண்டது. தியூர்மா சிரிக்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "நாளைக்கு அறுப்புப் பண்டிகை. உனக்கு மேல ஆளில்ல, எங்களுக்குக் கீழ பாட ஆளில்ல. இருந்த ஒருத்தரும் மகனைப் பார்க்க பத்தாம் தீவுக்குப் போயிட்டார்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

மறுநாள் மோனாங் என் பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டான். வேறொரு சபையின் பிரதிநிதியாகப் பார்வையிடப் போகிறானாம். உள்ளே வர மறுத்துவிட்டான். கோயிலின் பக்கவாட்டு ஜன்னலுக்குக் கீழே, பன்றிக்கறி வேகும் அண்டாக்களுக்குப் பக்கத்தில் நின்றோம். உள்ளே எல்லோரும் எழுந்தார்கள். "பாரு, மந்தை" என்றான்.

குழு பாடத் தொடங்கியது. அதே பாட்டு. கேட்பதற்கு என்னமோ போல் இருந்தது, தூணில்லாமல் கூரையை மட்டும் நாலு பேர் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது போல. முதல் சரணத்தில் டெனர் பாடும் மேல்குரல் ஆண்கள் தடுமாறினார்கள். இரண்டாவதில் தியூர்மாவின் குரல் கீழே எதையோ தேடித் தேடி நழுவியது. மாமாவின் கழுத்து சிவப்பது ஜன்னல் வழியாகவே தெரிந்தது.

நான் மோனாங்கைப் பார்த்தேன். அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாம்பிராணி மாதிரி அண்டாப் புகை முகத்தில் அடித்தும் நகரவில்லை.

மூன்றாம் சரணம் தொடங்கியபோது, என் பக்கத்தில் தண்ணி மோட்டார் ஓட ஆரம்பித்தது. சத்தமாக அல்ல. கறி கிண்டிக்கொண்டிருந்த பெண்கள்கூடத் திரும்பவில்லை. உள்ளே பாட்டு மெல்லக் கீழே இறங்கித் தரையில் கால் ஊன்றியது. மாமா யாரையும் தேடவில்லை. வலது கையால் தாளம் காட்டிக்கொண்டே, இடது கையை ஜன்னல் பக்கம் நீட்டிக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்தார். தியூர்மா பாடியபடியே இந்தப் பக்கம் பார்த்தாள். இந்த முறை என்ன பாட்டு என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை.

சரணத்தின் கடைசி வரி வந்தது. ஆவியானவர் ஏவிய அந்த இடம். மோனாங் கண்ணை மூடிக்கொண்டு, எழுதியிருந்ததைப் பாடினான். எல்லோரும் ஆமென் என்றபோது அவனும் ஆமென் என்றான்.