துணி காயும் முற்றத்துக்குக் கீழே

கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாடை அடித்ததும் சலவைக் கடைக்காரிக்கு இரண்டாவது யோசனையே இல்லை. எதிரே இருக்கும் பெட்ரோல் பங்க்தான். வெளுத்துக் கொடுத்த விரிப்புகளை ஓட்டல்காரர்கள் நாற்றமென்று திருப்பி அனுப்பிய அன்று, தெருவைத் தாண்டிப் போய்ப் பங்க்காரரைக் கிழி கிழியென்று கிழித்தாள். பிறகு அக்காவுக்குப் போன் செய்தாள். தோண்டாமலே மண்ணுக்கடியில் இருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் அக்காவின் வேலை.

அக்கா ரேடார் வண்டியோடு வந்து இறங்கினாள். பார்க்க, குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டி போலிருக்கும். தள்ளத் தள்ளத் தரைக்குள் அலைகளை அனுப்பி, மோதித் திரும்புவதைத் திரையில் வரைந்து காட்டும். பங்க்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் தடுக்கவில்லை. அவருடைய தொட்டிகள் திரையில் கவிழ்த்த கிண்ணங்களாகத் தெரிந்தன. தொட்டிகளில் கசிவில்லை, சுற்றியிருந்த மண்ணில் மின்சாரம் செலுத்திப் பார்த்ததிலும் எண்ணெய் பரவிய தடயம் இல்லை.

அந்த ஆள் அக்காவையே ஏமாற்றிவிட்டார் என்று தங்கை பொருமினாள். அக்கா, புதைந்த இரும்பைக் காட்டும் காந்தமானியோடு கிணற்றடிக்குப் போய், அங்கிருந்து முற்றம் முழுக்க நடந்தாள். நடுவில் எண்கள் எகிறின. துணி காயப்போடும் கொடிக்கம்பங்களின் இரும்பாக இருக்குமென்று அவற்றைப் பிடுங்க வைத்தாள். பிடுங்கியும் எண்கள் இறங்கவில்லை. ஓட்டமாய் ஓடி ரேடார் வண்டியைக் கொண்டுவந்து அங்கே குறுக்கே தள்ளினாள்.

"இங்க வா. இது என்னன்னு சொல்லு."

தங்கை திரையை உற்றுப் பார்த்தாள். "பங்க்ல பாத்த மாதிரியே இருக்கு."

"அதேதான். உன் வீட்டுத் தொட்டிடி இது."

சேதி கேட்டுப் பங்க்காரர் ஓடி வந்தார். லாரிகள் பெட்ரோலில் ஓடிய காலத்தில் அந்த இடம் சொந்தத் தொட்டி வைத்திருந்த லாரி ஷெட் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தீப்பொறி பறந்தால் எல்லாரும் காலி என்று, தோண்ட எடுத்திருந்த கடப்பாரையை ஒதுக்கி வைக்கச் சொல்லி, எண்ணெய் உறிஞ்சும் வண்டியையும் பழகிய ஆட்களையும் அவரே வரவழைத்தார். மண் விலக விலக, துரு தின்ற உருளை ஒன்று முதுகைக் காட்டியது. அக்கா குழியோரம் மண்டியிட்டுச் சின்னப் பிள்ளையாய்ச் சிரித்தாள்.

தங்கை பங்க்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"விடும்மா. இப்ப நாம ரெண்டு பேரும் ஒரே தொழில்தான்."

கிணறு தெளியப் பல மாதம் ஆகும், அதுவரை லாரித் தண்ணீர்தான் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கை அதைக் காதில் வாங்கவே இல்லை. ரேடார் வண்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, திரையில் கண்ணை வைத்தபடி பின்கட்டுப் பக்கம் அதைத் தள்ளத் தொடங்கியிருந்தாள்.